சின்னசாமியின் பக்கம்

அருணாதேவிக்குத் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வீடு. சென்னையில் ஒரு கம்பெனியில் சில வருஷம் வெப்சைட் வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்கே திரும்பியவள். மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மாடி அறையில் லேப்டாப்போடு உட்காருவாள். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் விடுதிகள், தேரடித் தெரு லாட்ஜுகள் என்று பலருக்கு அவள்தான் வெப்சைட் செய்துகொடுத்தாள். சொன்ன நாளில் வேலையை முடிப்பாள் என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நிழலகம் என்ற காப்பகத்தின் வெப்சைட்டை மட்டும் அவள் சேவையாக எடுத்துக்கொண்டாள். மலை சுற்ற வருகிற கூட்டத்தோடு வழி தவறியவர்களும் இந்த ஊருக்கு வந்து சேருவார்கள். மனநிலை சரியில்லாதவர்கள், மறதி வந்தவர்கள், வீட்டாரே கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனவர்கள். அப்படிப்பட்டவர்களை அழைத்துவந்து குளிப்பாட்டி, வைத்தியம் பார்த்து, வைத்துக்கொள்கிற இடம் அது. நிர்வாகி சக்கரபாணி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காப்பகத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் வெப்சைட்டில் தனியாக ஒரு பக்கம் போட்டுவிடுவார். போட்டோ, பேசுகிற பாஷை, வாயில் வருகிற ஊர்ப் பெயர், ஆள் பெயர், எதுவானாலும் அதில் எழுதுவார். அந்தப் பக்கத்தின் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அது குரூப் குரூப்பாகப் போய் எங்கேயாவது ஒரு சொந்தக்காரர் கண்ணில் படும். அப்படி வீடு போய்ச் சேர்ந்தவர்கள் பலர் உண்டு.

பழைய வெப்சைட் போனில் திறக்கவே திணறியது. அருணாதேவி அதைப் புதிதாகச் செய்துகொடுத்தாள். முகப்பில் ராஜகோபுரத்தின் படம், கீழே நன்கொடைக்கு ஒரு பட்டன், அதற்கும் கீழே சின்னதாக ஒரு போன் நம்பர். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஒவ்வொருவர் பக்கத்துக்கும் முகவரி மாறிவிட்டது. முன்பு முகவரியின் கடைசியில் வெறும் எண் இருந்தது. இப்போது பெயர் வந்தது. அதனால் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த லிங்க்குகளைத் தொட்டால் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று வந்தது.

சில நாளிலேயே சக்கரபாணி கூப்பிட்டார். “பழைய லிங்க் எதுவுமே திறக்கலைன்னு சொல்றாங்கம்மா. இன்னான்னு கொஞ்சம் பாரேன்.”

என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதே ஆளின் புதிய பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்ய வேண்டும். அதாவது, பழைய லிங்க்கைத் தொடுகிறவரைச் சரியான பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். அதற்குப் பழைய வெப்சைட்டின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்து இணைக்க வேண்டும். பொறுமையாகச் செய்கிற வேலை. அப்போது கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. லாட்ஜுக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அவளை நெருக்கினார்கள். அவள் ஒரே ஒரு வரி எழுதினாள். இல்லாத பக்கத்தைத் தேடி யார் வந்தாலும் முகப்புக்குத் திருப்பிவிடு என்று அந்த வரி சொன்னது. புகார் நின்றுபோனது.

“அருமைம்மா. இப்ப எந்த லிங்க்கைத் தொட்டாலும் நம்ம வெப்சைட் வருது” என்றார் சக்கரபாணி.

‘வருகிறதுதான், ஆனால் ஆள் வரவில்லையே’ என்று அவள் மனதில் பட்டது. தீபம் முடியட்டும், ஒவ்வொன்றாகச் செய்துகொள்ளலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தீபம் முடிந்தது. பொங்கலும் போனது. அதற்குப் பிறகு அவளுக்கு அந்த ஞாபகமே வரவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள், புதிதாக வந்தவர்களைப் போட்டோ எடுப்பதற்காக அவள் நிழலகத்துக்குப் போனாள். வேப்பமரத்தடி பெஞ்சில், காப்பகத்தில் இருப்பவர்களில் ஒருவரான சின்னசாமி உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டிய ஆள். அவர் எதிரில் தரையில் ஒரு பெண் குந்தியிருந்தாள். அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, என்னைப் பாருண்ணா. நான் பொன்னி. பொன்னிண்ணா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். “சாப்பாடு வந்துச்சா?” என்று கேட்டார்.

சக்கரபாணி அருணாதேவியை ஓரமாக அழைத்துச் சொன்னார். பொன்னி செய்யாறு பக்கத்துக் கிராமத்துக்காரி. அவள் ஊரிலிருந்து மலை சுற்ற வந்த ஒருவர் இங்கே அன்னதானம் கொடுக்க வந்த இடத்தில் சின்னசாமியைப் பார்த்து அடையாளம் கண்டுபிடித்திருக்கிறார். “வந்த புதுசுல இந்த ஆளு வாய் ஓயாம பொன்னி, பொன்னிம்பாரு. தை மாசம் ஒரு காய்ச்சல் வந்து படுத்தாரு. எழுந்த பிறகு பேச்சே கம்மியாயிடுச்சு. இப்ப அந்தப் பேரே அவருக்குத் தெரியலை.”

பொன்னி எழுந்து வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள்.

“கார்த்திகை மாசமே எங்க மாமா பையன் இதை அனுப்பிச்சான் சார். நம்ம சின்னசாமி அண்ணன் மாதிரியே இருக்காரு பாருன்னான். அவன் மொத தடவ பார்த்தப்ப மூஞ்சி தெரிஞ்சுதாம், கீழ எழுதினதைப் படிக்கலையாம். நான் தொட்டா கோபுரமும், துட்டு குடுங்கன்னு ஒரு பட்டனும்தான் வந்துச்சு. அவனும் திரும்பப் பார்த்தப்ப அதேதான் வந்துச்சாம். ஏமாத்துக்காரங்கன்னு நினைச்சுட்டேன். இதையெல்லாம் அனுப்பாதடான்னு அவனையும் திட்டினேன்.”

அவள் அந்த லிங்க்கைத் தொட்டுக் காட்டினாள். கோபுரம் வந்தது. அருணாதேவி தானே தேர்ந்தெடுத்த படம்.

சின்னசாமியின் பக்கத்தைப் புதிய வெப்சைட்டுக்கு மாற்றியவள் அவள்தான். அதில் இருந்த வாசகம் அப்படியே நினைவுக்கு வந்தது. ‘தங்கச்சி பேரு பொன்னி என்கிறார்.’ தொட்டவுடன் அது வந்திருந்தால் இந்தப் பெண் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பாள். அந்த ஆளுக்கு அன்றைக்கு அவளைத் தெரிந்திருக்கும்.

“ஏன் மேடம் இப்படி வருது?” என்று பொன்னி அவளைப் பார்த்துக் கேட்டாள்.

“நெட் சரியா இல்லைன்னா இப்படித்தான் வருங்க” என்றாள் அருணாதேவி.

பொன்னி தலையாட்டினாள். “அப்படித்தான் இருக்கும். எங்க ஊர்லயும் சிக்னலே சுமார்தான்.”

போட்டோ எடுக்காமலே அருணாதேவி வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலையில் தவறு செய்தது ஒன்று. முகத்துக்கு நேராகப் பொய் சொன்னது இன்னொன்று. அந்தப் பொய்யைப் பொன்னி அவ்வளவு சுலபமாக நம்பியதுதான் இன்னும் அதிகமாக உறுத்தியது. சின்னசாமி ஒருவர்தானா? கோபுரத்தைப் பார்த்துவிட்டுப் போனை மூடிய வேறு யார் யாரோ? அதை எண்ணிப் பார்க்க வழியே இல்லை.

மறுநாள் காலையில் லேப்டாப்போடு நிழலகத்துக்குப் போய் சக்கரபாணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

“அப்பவே உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும் சார். அப்புறம் செய்யலாம்னு விட்டுட்டேன்.”

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். “பழசை எடு. நான் ஆளைச் சொல்றேன்” என்றார்.

பழைய பக்கத்தைத் திறப்பாள். முகத்தைப் பார்த்து அவர் பெயர் சொல்வார். அந்தப் பழைய முகவரியை அதே ஆளின் புதிய பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்து, தன் போனில் தொட்டுப் பார்த்து, சரியான முகம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்ததுக்குப் போவாள். இப்படியே பல நாள் நடந்தது. சிலருக்குப் புதிய பக்கமே இல்லை. வீடு திரும்பியவர்கள், இறந்துபோனவர்கள். இங்கே இல்லாதவர்களுக்குப் பக்கம் எதற்கு என்று அவள் போன முறை விட்டுவிட்டாள். இப்போது அவர்களுக்கும் பக்கம் போட்டாள். ‘இவர் வீடு திரும்பிவிட்டார்’ என்று சிலவற்றில். ‘இவர் காலமாகிவிட்டார், உறவினர்கள் தயவுசெய்து எங்களை அழையுங்கள்’ என்று சிலவற்றில். தெலுங்கு மட்டுமே பேசிய எல்லம்மாளின் பக்கத்தில் அப்படி எழுதும்போது சக்கரபாணி எழுந்து வெளியே போய்விட்டார்.

எல்லோரையும் முகப்புக்கு விரட்டிய அந்த ஒற்றை வரியை அவள் அழித்தாள். அதற்குப் பதிலாக ஒரு சாதாரணப் பக்கம் வைத்தாள். படம் எதுவும் இல்லை. ‘நீங்கள் திறந்த பக்கம் கிடைக்கவில்லை. இது எங்கள் தவறாக இருக்கலாம். யாரையாவது தேடுகிறீர்களா? இந்த எண்ணில் கூப்பிடுங்கள்’ என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, சக்கரபாணியின் போன் நம்பரைப் பெரிதாகப் போட்டாள்.

போலீஸ் எழுத்து வேலையும் டாக்டர் சீட்டும் முடிந்து, பொன்னி அண்ணனைக் கூட்டிப்போக வந்த அன்று அருணாதேவி முன்கூட்டியே போய்க் காத்திருந்தாள். சின்னசாமிக்குப் புது வேட்டி கட்டியிருந்தார்கள். ஆட்டோ வருவதற்குள் பொன்னியிடம் போய் நின்றாள்.

“நெட் சரியில்லைன்னு அன்னிக்கு சொன்னேன்ல. அது பொய்ங்க. உங்க அண்ணன் பக்கம் இருந்துச்சு. லிங்க்கை அங்க கொண்டுபோய் விட வேண்டியவ நான்தான். நேரமில்லைன்னு எல்லாத்தையும் கோபுரப் படத்துக்குத் திருப்பிட்டேன். என்னாலதான் உங்களுக்கு அவரு மூஞ்சி தெரியல.”

பொன்னி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

“எனக்கு நீங்க சொல்றது பாதி புரியலைங்க” என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. “அந்தக் கோபுரத்துக்குக் கீழ ஒரு நம்பர் இருந்துச்சு. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். மூணு வருஷமா தேடித் தேடி சலிச்சுப்போயி, நானும் போடல. அதை நினைச்சா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது.”

“அது உங்க தப்பு இல்லைங்க.”

“உங்க தப்புன்னும் சொல்லத் தெரியல, இல்லைன்னும் சொல்லத் தெரியல” என்றாள் பொன்னி. ஆட்டோ வந்து நின்றது. அண்ணனைக் கைப்பிடித்து ஏற்றினாள். “சொல்லாமயே இருந்திருக்கலாம் நீங்க. சொன்னீங்க. அது வரைக்கும் சரி.”

தன் பாரத்தில் ஒரு பங்கை அவள் தோளில் ஏற்றி அனுப்பிவிட்டோமோ என்று அருணாதேவிக்கு இருந்தது. மன்னிப்பு வாங்கப் போய் இன்னொருத்தியின் குற்றத்தைக் கிளறிவிட்டு வந்த மாதிரி.

அதன் பிறகு லாட்ஜுக்காரர்கள் அவசரப்படுத்தினால், “லிங்க் எல்லாத்தையும் சரி பார்த்துட்டுதான் தருவேன். லேட்டாகும்” என்று சொல்லிவிடுவாள். ஒன்றிரண்டு பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

பொன்னி எப்போதாவது போனில் பேசுவாள். சின்னசாமி நன்றாகச் சாப்பிடுகிறார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார், பேச்சு மட்டும் கம்மிதான் என்பாள். அவளை ‘யம்மா’ என்று கூப்பிடுகிறாராம், பெயர் சொல்வதில்லையாம். பேசி முடிக்கும்போதெல்லாம், “ஒரு தடவ வந்துட்டுப் போங்க மேடம், பஸ்ல ஏறினா நேரா வந்துரலாம்” என்பாள்.

“வரேங்க” என்கிறாள் அருணாதேவி. இன்னும் போகவில்லை.