மாரிஸ் மைனருக்கு ஒரு பேட்டரி

அஸ்தம்பட்டியில் ஏற்காடு போகிற சாலையோரம் பேட்டரிக் கடை வைத்திருந்த குமரகுரு மாரடைப்பில் போய்ச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. அவர் மனைவி அறிவுச்செல்வி அன்றைக்கும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ராசிபுரத்துச் சொந்தக்காரர்களே பேசினார்கள். பேசட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்? வாய்க்குள் போவது இட்லியா உப்புமாவா என்றுகூடத் தெரியாமல் ஒருத்தி மாதக்கணக்கில் இருப்பாள் என்று சொன்னால் நம்பவா போகிறார்கள்?

காரியம் முடிந்த மறுநாளே கடையைத் திறந்துவிட்டாள். தறிக்காரர் வீட்டுப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் பேட்டரியைத் தொட்டதுகூட இல்லை. மதியச் சோறு கொண்டுவரும்போதெல்லாம் புருஷன் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டாள். இப்போது அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பிடிவாதம்: கடை கைவிட்டுப் போகக்கூடாது. ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

கொழுந்தன் ஜீவானந்தத்துக்கு நாமக்கல்லில் லாரி எலெக்ட்ரிக் வேலை. "பொம்பள ஒருத்தியா இதையெல்லாம் சமாளிக்க முடியாதுங்க அண்ணி. மாசக் கடைசியில கடை வாடகை ஒப்பந்தம் முடியுது. சாவியக் குடுத்துருங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கெட்டவன் இல்லை. தனக்குத் தெரியாதது என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என்பதுதான் அவனுக்குத் தோன்றியதே கிடையாது.

அன்றைக்கும் அதைச் சொல்லத்தான் வந்திருந்தான். அந்த நேரம் பார்த்து ஜவுளிக்கடை நசுருல்லா பாய் ஒரு பழைய மாரிஸ் மைனரைக் கயிறு கட்டி இழுத்து வந்து கடை வாசலில் நிறுத்தினார். அவருடைய அத்தா ஓட்டிய கார். இரண்டு வருஷம் பட்டறையில் கிடந்து, பெயின்ட் அடித்து, புதுப் பெண் போல வந்திருந்தது. பட்டறைக்காரர் தன் பேட்டரியைக் கழற்றி வைத்துக்கொண்டு வண்டியை மட்டும் அனுப்பிவிட்டாராம்.

"நாளைக்கு ஜும்மா முடிஞ்சு எம் பொண்ணு அஃபீபாவுக்கு நிக்காஹ்மா. புள்ள இந்தக் கார்லதான் மாப்பிள்ள வீட்டுக்குப் போகணும். நல்ல பேட்டரியாப் பாத்துக் குடு."

அவள் எழுவதற்குள் ஜீவானந்தம் கடையிலேயே பெரிய பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனான். "பெருசாப் போட்டா ஒரே அடியில எடுத்துரும் பாய்!" பேட்டரி வைக்கிற தட்டில் பாதிகூட அது உட்காரவில்லை.

"டைனமோ வண்டிங்க தம்பி. அது குடுக்கற கொஞ்சக் கரண்ட்டுல இவ்ளோ பெருசு எப்ப நெறையறது?" என்று சொல்லி, தண்ணீர் ஊற்றும் மூடி வைத்த நாற்பத்தைந்து ஆம்பியர் பேட்டரி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. அவன் முகம் கடுகடுத்தது. ஸ்பேனரை எடுத்தான்.

இரண்டு ஒயரும் கறுப்பு. வண்டி பாடியில் முறுக்கியிருந்த ஒயரை மைனஸ் முனையில் மாட்டினான். லொடலொடவென்று ஆடியது. செம்புத் தகடு ஒன்றை மடித்து இடுக்கில் திணித்தான். அடுத்ததைப் பிளஸ்ஸில் மாட்டப் போனால் அது நுழையவே இல்லை. ஸ்க்ரூடிரைவரால் ஒயர் நுனியில் இருந்த கவ்வியின் வாயை நெம்ப ஆரம்பித்தான்.

"நிறுத்துங்க தம்பி." யாரோ பேசுவது போல அவள் குரலே அவளுக்குக் கேட்டது. "பிளஸ் முனைதான் தடிமன். பாடி ஒயரோட வாய்தான் பெருசு. அப்ப அது பிளஸ்ஸுக்குன்னு செஞ்சது."

"அட போங்கண்ணி! இருவது வருசமா லாரியிலயே கெடக்கறேன். பாடின்னாலே மைனஸ்தான்."

"மாத்தி மாட்டுனா டைனமோ போயிரும். நாளைக்குப் பொண்ணு ஆட்டோவுலதான் போகணும்." பாயிடம் திரும்பினாள். "பட்டறைக்காரருக்கு ஒரு போன் போடுங்க பாய்."

பாய் ஸ்பீக்கரில் போட்டார். "ஐயோ பாய், சொல்லவே மறந்துட்டேன்! அந்தக் காலத்து வண்டி, பாடிக்குப் பிளஸ்தான். மாத்திக்கீத்தி மாட்டிராதீங்க!" என்று அந்தப் பக்கம் அலறல்.

ஜீவானந்தம் தகட்டை உருவிக் கீழே போட்டான். அவள் ஸ்பேனரை வாங்கி இரண்டு ஒயரையும் தானே மாட்டினாள். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமிக்கொண்டு எடுத்தது. "நல்லா இரும்மா" என்று சொல்லும்போதே பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. பில் எழுதிக் கொடுத்து அனுப்பினாள்.

ஜீவானந்தம் வெகுநேரம் கை கழுவினான். பிறகு வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இனிமே சாவி கேக்கமாட்டனுங்க அண்ணி. ஒப்பந்தத்த உங்க பேருலயே போட்டுக்குங்க. இது உங்க கடை."

கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷம் வருமென்று சற்று நேரம் பார்த்தாள். இத்தனை நாளும் அவர் கடையைத்தானே திறந்து பூட்டிக்கொண்டிருந்தாள்! கடைக்காரர் வெளியே போயிருக்கிறார், வருகிறவரை பார்த்துக்கொள்வோம் என்றுதானே உட்கார்ந்திருந்தாள்!

"என்னோட கடையா?" என்றாள். "அப்போ உங்க அண்ணன் இனி வரமாட்டாருங்களா தம்பி?"