மோதிரத்துக்குள் மாமா

என் மாமா, அதாவது என் மனைவியைப் பெற்றவர், செத்து ஒரு வருஷம் கழித்து ஒரு மோதிரத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னை முறைக்கிறார் என்று பதினொரு நாள் முழுசாக நம்பினேன். சிரியுங்கள், பரவாயில்லை. இப்போது நானும் சிரிக்கத்தான் செய்கிறேன், மோதிரம் சம்பந்தப்பட்ட பகுதிக்கு மட்டும்.

பேய், ஆவி இதெல்லாம் எனக்கு ஒருநாளும் ஒத்துவராத விஷயங்கள். திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், அதில் தொப்பி போட்ட ஒரு துரை நடமாடுவதாகக் காவலாளிகள் சத்தியம் செய்வார்கள். அந்தத் துரையைப் பெற்றுப் பெயர் வைத்தவனே நான்தான், புதிதாக வேலைக்கு வருகிறவர்களை வெருட்டுவதற்குக் கட்டிவிட்ட கதை, இப்போது அதை எனக்கே திருப்பிச் சொல்கிறார்கள், கூடவே ஒரு நாயையும் சேர்த்து. பேய் செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தவன் பேய்க்குப் பயப்படுவானா என்று நீங்கள் கேட்கலாம். பயந்தேன். கேளுங்கள்.

மாமாவுக்கு என்னைப் பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்கிற சொல். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய மனிதர், பேச்சுக் குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. பெண் பார்க்கப் போன அன்று நான், "இவ்வளவு காலமும் நீங்கள் தூக்கினதுக்குள்ள பெரிய பாரத்தை இண்டைக்கு என்ர தலையில இறக்கிறியள் மாமா" என்று ஒரு பகிடி விட்டேன். பெண்ணாக நின்ற பவானி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சாகும்வரை, நான் ஹோலுக்குள் போனால் அவர் கதிரையோடு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். நேரே கதைக்க மாட்டார். "பிள்ளை, அந்த ஆளிட்டச் சொல்லு, கேற்றைப் பூட்டட்டாம்" என்பார், அந்த ஆள் இரண்டு முழத் தூரத்தில் நிற்பான். நான் போட்டுக் கொடுக்கும் தேத்தண்ணீரைக் கொண்டுபோய் முற்றத்துச் செவ்வரத்தைச் செடிக்கு ஊற்றுவார். அந்தச் செவ்வரத்தை மட்டும்தான் அந்த வீட்டில் என் கைப்பக்குவத்தால் பயன் கண்டது.

அவர் போன வருஷம் மாரடைப்பில் போனார். அவருடைய ஒரே மகன் குகன் சுவிஸில். எங்கள் கல்யாணத்துக்கு முன்னமே பொடியனாகப் போனவன், விசாப் பிரச்சினை தீராமல் தகப்பனின் செத்தவீட்டுக்கும் வர ஏலாமல் போய்விட்டது. தகனத்தை நான்தான் போனில் பிடித்துக் காட்டினேன். அன்று பின்னேரம் போன் எடுத்தான். அவனுடைய ஊரில் சாம்பலிலிருந்து வைரம் செய்கிற கொம்பனி ஒன்று இருக்கிறதாம், அரைக் கிலோ போதுமாம், மெசினுக்குள் வைத்து நெருக்கிக் கல்லாக்கித் தருவார்களாம்.

"அத்தான், அவற்ற கையைப் பிடிச்சு இருபத்திரண்டு வருஷம். எனக்கெண்டு அவரில ஒண்டுமே இல்ல. கொஞ்சச் சாம்பல் எடுத்து வைச்சு அனுப்புங்கோ. உங்களைத்தான் நம்பியிருக்கிறன்."

அவன் அழுததைக் கேட்டால் நீங்களும் "ஓம்" என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

அடுத்த நாள் காடாற்று. பாலூற்றித் தணலாற்றி, எலும்பையும் சாம்பலையும் அள்ளிக் குடத்தில் போட்டுக் கடலில் கரைக்க வேண்டும். அள்ளின சாம்பல் வீட்டுப் படலையைத் தாண்டக்கூடாது, சுடலையிலிருந்து நேரே கடல், அது எங்கள் ஆட்களின் வழக்கம். நான் ஒரு பால்மா டின்னை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, யாரும் காணாமல் நிரப்பி மூடியும் போட்டுவிட்டேன். பவானியின் பெரியப்பா கண்டுவிட்டார்.

"என்ன உது? வீட்ட கொண்டுபோகவோ? உமக்கென்ன விசரோ? போன மனுசனுக்குத் திரும்பி வர வழி காட்டுறீரோ?"

வைரக் கதையை அவருக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவது? டின்னைப் பறித்துக் குடத்துக்குள் கவிழ்த்தார். அதோடு விட்டாரா, கரையில் வைத்துக் கடல்தண்ணீரால் டின்னை இரண்டு தரம் அலசியும் தந்தார். மாமா ஒரு துகள் மிச்சமில்லாமல் கடலோடு போனார், என்னிடம் சுத்தமான ஒரு டின் மிஞ்சியது.

அன்றே குகனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "எடுத்தனீங்களோ அத்தான்?" என்று அவன் கேட்ட குரலுக்கு இரங்கி, எடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு சாம்பல் வேண்டுமே. குறிஞ்சாக்கேணியில் என் கூட்டாளி நசார் பேக்கரி வைத்திருக்கிறான், விறகு போட்டு எரிக்கிற போறணை, அதிலிருந்து ஒரு டின் சாம்பல் எடுத்தேன். "என்ன மச்சான், பாத்திரம் விளக்கவா?" என்று கேட்டான். "மாமாவை வைரமாக்க" என்றேன். நான் வழமையாகக் கதைக்கிற கதைதானே என்று அவன் பாண் அடுக்கப் போய்விட்டான். வைரம் என்பது வெறும் கரிதான், மாமாவும் கரிதான், பாண் விறகும் கரிதான், யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மரணச் சான்றிதழ்ப் பிரதியும் வைத்துப் பார்சலை அனுப்பினேன்.

பவானியோ அப்பா வைரமாகப் போகிறார் என்று நாங்கள் இருக்கிற ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டாள். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

இந்த வருஷம் குகனுக்கு அந்நாட்டுக் கடவுச்சீட்டுக் கிடைத்து, தகப்பனின் முதல் வருஷ ஆட்டைத் திவசத்துக்கு வந்து இறங்கினான். விரலில் மோதிரம், மோதிரத்தில் கல். பவானி கல்லைக் கண்ணில் ஒற்றி அழுதாள். நான் கையை நீட்டிக்கொண்டு, "வாரும் குகன், எப்பிடி" என்றேன். போனில் அத்தான் அத்தான் என்று உருகினவன் என் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், பிறகு பவானியின் பக்கம் திரும்பி, "அக்கா, பெட்டியை உள்ளுக்கு வைக்கச் சொல்லுங்கோ" என்றான்.

அந்தத் தொனி எனக்குத் தெரியும். இருபது வருஷம் கேட்ட தொனி.

அடுத்த நாள் காலமை நான் ஹோலுக்குள் போகிறேன், அவன் கதிரையை இழுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருகிறான். கண் சுவர்க் கலண்டரில். நம்பினால் நம்புங்கள், முதுகுகூட மாமாவின் முதுகு. நான் வந்த பிறகு மாமா பழகின பழக்கம் அது, மகன் கண்டதே இல்லை. சரி, பவானி போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் தேத்தண்ணீர்? நான் வைத்துவிட்டு வந்த கோப்பையை எடுத்துக்கொண்டு அவன் முற்றத்துக்கு இறங்கியதை யன்னலால் பார்த்தேன். நேரே செவ்வரத்தைக்குப் போனான்.

அதற்குப் பிறகு நான் நான் இல்லை. பெரியப்பா சொன்ன வழியைக் கண்டுபிடித்து மாமா வந்துவிட்டார், தன்னுடைய சாம்பல் இல்லாவிட்டாலும் தன்னுடைய பெயரில் போன பார்சல் என்று உரிமை கொண்டாடிக் கல்லுக்குள் ஏறிவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். திருநீறு பூசுகிற அளவு கூடியது. "இஞ்சாருங்கோ, மாவுக்குள்ள விழுந்தனீங்களோ?" என்று பவானி கேட்டாள். சட்டைப்பையில் பேய்க்குக் காவலாக ஒரு தேசிக்காய், தலையணைக்குக் கீழ் இன்னொன்று. குசினியில் தேசிக்காய் முடிந்துபோய் மீனுக்குப் புளி விட வேண்டிவந்தது. ஒருநாள் நான் குளியலறையில் இருக்கும்போது குகன் வந்து கதவைத் தட்டினான், தட்டும்போது மோதிரம் பலகையில் பட்டு டக் டக் என்றது, நான் வாளிக்குப் பின்னால் குந்திவிட்டேன். நூற்றுப் பத்துக் கிலோ ஆள் ஒரு பிளாஸ்ரிக் வாளிக்குப் பின்னால் மறைவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

பகிடி செய்கிறேனே தவிர அந்த நாட்கள் நல்ல நாட்கள் அல்ல. ஒரே மேசையில் ஒருத்தன் உங்களை வெறுத்துக்கொண்டு சாப்பிடுகிறான், உப்பைத் தாருங்கோ என்று சொல்லக்கூட மனைவியின் வாய் வேண்டியிருக்கிறது. பவானி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு குசினிக்குள் போய் நிற்பாள். "தம்பிக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று என்னைப் பிடித்தாள். என்னத்தைச் சொல்ல? உன் அப்பாவைக் கடலில் விட்டுப் பாண் போறணையை உன் தம்பிக்கு அனுப்பினேன் என்றா? அவள் அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறாள்.

திவசத்தன்று மத்தியானம், சனம் நிறைந்த வீடு, வாழையிலை போட்டு வரிசையாக இருக்கிறோம். குகன் எனக்கு எதிரே. யன்னலால் வந்த வெயில் அவனுடைய மோதிரத்தில் பட்டு, ஒரு ஒளிப்பொட்டு சுவரில் ஓடியது. ஓடி, கலண்டரைத் தாண்டி, மாலை போட்ட மாமாவின் படத்தைத் தாண்டி, என் நெற்றியில் வந்து நின்றது. நான் இடப்பக்கம் சாய்ந்தேன், அதுவும் சாய்ந்தது. வலப்பக்கம், அதுவும் வந்தது. அவன் சோற்றைப் பிசைகிறான், கை அசைகிறது, வெளிச்சம் அசைகிறது, அவ்வளவுதான், சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். எனக்கு விளங்கவில்லை. "மாமா!" என்று கத்திக்கொண்டு எழும்பினேன், சொதிச் சட்டி என் மடியில், பாயசம் பெரியப்பாவின் மடியில். சனம் என்னவோ நான் துக்கம் தாங்காமல் கத்தினேன் என்று நினைத்து என்னைத் தடவிக்கொடுத்தது. "மருமகன் எண்டாலும் மகன் மாதிரி" என்று யாரோ சொன்னார்கள். குகன் மட்டும் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தான்.

மறுநாள் பின்னேரம் அவன் பவானியிடம் சொன்னான்: "அக்கா, அப்பாவைக் கரைச்ச இடத்தை எனக்குக் காட்டச் சொல்லுங்கோ."

போனோம், இரண்டு பேரும் தனியே. நான் அவனை முன்னால் நடக்கவிட்டேன், பின்னாலிருந்து தள்ளிவிட்டால்? கரையில் ஒரு மீன்பிடி வள்ளம் கவிழ்த்துக் கிடந்தது, வேறு ஆளில்லை. இந்த இடம்தான் என்று காட்டினேன். அவன் தண்ணீரில் முழங்கால்வரை இறங்கிக் குனிந்து இரண்டு கையையும் நனைத்தான். மோதிரம் தண்ணீருக்குள் மினுங்கியது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவனிடம்கூட இல்லை, மோதிரத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"மாமா, என்னை விடுங்கோ. நீங்கள் உதுக்குள்ள இருக்க ஒரு நியாயமும் இல்ல. அது நசாற்ற போறணைச் சாம்பல். உங்களை நான் இஞ்சதான் கரைச்சனான். நீங்கள் பிழையான இடத்துக்கு வந்திட்டியள்."

குகன் நிமிர்ந்தான்.

"ஆரோட கதைக்கிறியள்?"

"மாமாவோட."

"எனக்குத் தெரியும், அத்தான்" என்றான், அந்தப் பதினொரு நாளில் முதல்தரம் நேராக என்னிடம். "எட்டு மாசமாத் தெரியும். கொம்பனிக்காரர் சொல்லிப்போட்டினம். எலும்பு ஒரு பொட்டும் இல்ல, முழுக்க விறகு எண்டு. அதை எறியச் சொல்லிப்போட்டன்."

"அப்ப இந்தக் கல்லு?"

"கடையில வாங்கினது. அக்கா ஊர் முழுக்கச் சொல்லி வைச்சிருக்கிறா. உங்கட புருஷன் செய்த வேலை இதுதான் எண்டு அவவுக்கு நான் எப்பிடிச் சொல்ல? உங்களுக்காக இல்ல, அவவுக்காக. உங்கட முகத்தைப் பாத்தால் அடிச்சுப்போடுவன் எண்டுதான் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தனான். உங்கட கையால ஒரு தேத்தண்ணி குடிக்கவும் எனக்கு மனம் வரேல்ல."

அவ்வளவுதான். கல்லுக்குள் யாரும் இல்லை. உயிரோடு இருக்கிற ஒரு மனிதன் நியாயமான காரணத்துக்காக என்னை வெறுத்திருக்கிறான். என்னை யாரும் வெறுத்து எனக்கு இவ்வளவு நிம்மதி வந்ததில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்திவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொலித்தீன் பையை எடுத்தான். உள்ளே ஒரு திருகாணி, சின்னிவிரலின் பாதி நீளம், கருகின நிறம்.

"ஆனா இதை வைச்சு அனுப்பினியள். சாம்பலுக்குள்ள கிடந்ததெண்டு திருப்பி அனுப்பினவை. அப்பாட காலுக்குள்ள இருந்த ஆணி."

மாமாவுக்கு, குகன் ஊரில் இருந்த காலத்தில், துறைமுகத்தில் சங்கிலி அறுந்து அடித்து வலது தொடை முறிந்தது. உள்ளே தகடு வைத்து எட்டு ஆணி இறுக்கியிருந்தார்கள்.

"என்ர பதினாறு வயசில ஆஸ்பத்திரியில அவருக்குப் பக்கத்தில படுத்தனான். எக்ஸ்ரேயைப் பிடிச்சு எண்ணினனான்" என்றான் குகன். "இதைப் பாத்த பிறகுதான், எவ்வளவு கோவம் வந்தாலும், இந்த மனுசனுக்குள்ளயும் ஏதோ இருக்கெண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தனான். வைரம் எனக்கு வேண்டாம் அத்தான். எனக்கு இது போதும். நீங்கள்தானே வைச்சனீங்கள்?"

அவன் கண் கலங்கியிருந்தது. நான் ஓம் என்றேன். அவன் ஈரக் கையால் என் கையைப் பிடித்தான்.

மோதிரத்தை அக்காவுக்கே கொடுத்துவிட்டு ஆணியோடு சுவிஸுக்குப் போனான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறான், என்னோடுதான் முதலில் கதைப்பான். பவானிக்குச் சந்தோஷம்.

இதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். காடாற்று அன்று அந்தத் தகட்டைத் தணலிலிருந்து எடுத்தவன் நான். ஆணிகள் கழன்று கிடந்தன, ஒன்று விடாமல் பொறுக்கச் சொன்னார்கள், பொறுக்கினேன், எட்டையும் எண்ணிக் குடத்துக்குள் போட்டேன், குடம் கடலுக்குள் போனதையும் பார்த்தேன். வேட்டியோடு நின்றேன், மேலே சட்டைகூட இல்லை, பை எங்கே இருந்து வரும்? நசாரின் சாம்பலை மாவரிக்கிற அரிதட்டில் இரண்டு தரம் அரித்தேன், கரித்துண்டு கிடந்தால் கொம்பனிக்காரன் சந்தேகப்படுவான் என்று. அந்த அரிதட்டில் ஒரு கடுகும் இறங்காது. அரித்ததை, அரித்த இடத்திலேயே பையில் போட்டு ஒட்டிப் பார்சல் கட்டினேன்.

அந்த ஆணியை நான் வைக்கவில்லை.