ஆடாத காவடி

புளியங்குளத்தில் எரிந்துபோன மோட்டர் எதைக் கொண்டுவந்தாலும் புதுக் கம்பி சுற்றி ஓடவைத்துக் கொடுப்பேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடை, வீடு, வயல் எல்லாம் இந்தக் கை உழைத்தவை. வவுனியா வரைக்கும் விசாரித்துப் பாருங்கள்.

அப்படிப்பட்டவனின் மகள் ஜப்பானில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். அவளுக்கு இங்கே ஆசிரியர் நியமனம் வந்தது. வந்து பொறுப்பேற்காவிட்டால் போய்விடும். "வரட்டோ அப்பா?" என்று தொலைபேசியில் கேட்டாள். ஆராய்ச்சிக்காக அவள் வளர்த்த மெல்லிய படலங்கள் சரிவராத சோர்வு. ஆனால் திரும்பி வருகிற விருப்பம் குரலில் இல்லை. நான் அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன், அவள் படிப்பை முடிப்பாள் என்று. என் மனைவியின் தமையன்தான் விடுவதாயில்லை.

ஆயுத பூசை அன்று கடையில் எல்லா ஆயுதத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தோம். மச்சான் அவல் கடலையை மென்றபடி தொடங்கினார்.

"அரசாங்க வேலையை விட்டிட்டு என்னத்தையடாப்பா படிக்கிறாள்? எனக்கு விளங்கச் சொல்லு பாப்பம். சொல்லிட்டியெண்டா நான் பிறகு வாய் திறக்கமாட்டன்."

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பின்வாங்குகிற ஆளா?

"இரிடியத்தோடை ஒட்சிசன் சேர்ந்த சாமான். முழு உலோகமும் இல்லை, கறண்டை மறிக்கிறதும் இல்லை, நடுவிலை நிக்கும். அதை ஒரு பளிங்குத் துண்டுக்கு மேலை அணு அணுவா அடுக்கி வளக்கிறாள். வெங்காயத்தோல் அதுக்குப் பக்கத்திலை மெத்தை."

"துருவோ?"

"துருவின்ரை சொந்தக்காரன் எண்டு வை."

மோட்டர் ஒன்றை ஓடவிட்டுக் காட்டக் கை துடித்தது. பூசையில் இருப்பதைத் தொடக்கூடாது. மச்சானையே பார்த்தேன். வருசம் தவறாமல் காவடி எடுப்பவர்.

"காவடி ஆடேக்கை உன்னை நீயே சுத்துறாய். கோயில் வீதியையும் சுத்துறாய். ஓமோ?"

"ஓம்."

"அணுவுக்குள்ளை இலத்திரனும் அப்பிடித்தான். இரிடியம் மாதிரிப் பாரமான அணுவிலை இந்த ரெண்டு சுத்தும் ஒண்டையொண்டு இழுக்கும், முதுகிலை செடில் கொக்கி குத்திக் கயிறு பிடிச்ச மாதிரி. படலம் மெல்லிசாக மெல்லிசாக அந்த இழுவை கறண்டை என்ன செய்யுது எண்டுதான் பிள்ளை பாக்கிறாள்."

மச்சான் மெல்லுவதை நிறுத்திவிட்டார். நானும் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிள்ளை சொன்னதில் பாதியை ஒளிக்கிற பழக்கம் எனக்கில்லை.

"ஒண்டு மட்டும். இலத்திரன் உண்மையாத் தன்னைச் சுத்துறேல்லையாம். சுத்தினால் வாற குணம் மட்டும் இருக்காம்."

"ஆடாத காவடி பாக்கவோ ஜப்பான் போனவள்!"

கடை அதிர்ந்தது. என் மனைவியும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சூடேறிவிட்டது. மகளுக்கு அழைப்பெடுத்து, "அவளையே கேள், வாறியோ எண்டும் கேள்" என்று தொலைபேசியை மச்சானின் கையில் திணித்தேன்.

அவர் அதைக் காதில் வைத்தபடி றோட்டு ஓரத்துக்கு நடந்தார். "ஓம் பிள்ளை… ஓம்… பிறகு?" என்பது மட்டும் இடைக்கிடை கேட்டது. ஒரு பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவர் கையால் காதைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார்.

திரும்பி வந்தபோது முகத்தில் பகிடி இல்லை.

"எனக்கொண்டும் விளங்கேல்லை. கடைசியா வளத்ததும் பழுதாப் போச்சாம். இண்டைக்கு விடியத் திரும்பத் தொடங்கிட்டாளாம்."

"வாறாளாமோ?"

"கேக்க மறந்திட்டன்."

தொலைபேசியை வாங்கி, இன்னும் லைனில் இருந்த மகளிடம் "வராதை பிள்ளை" என்றேன்.

"சரியப்பா. மெசின் ஓடுது, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாள்.