எட்டுப் பேருக்கான விரிப்பு

பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் ராயபுரத்தில், கோயில் நோம்பித் திருவிழாவின் மூன்றாம் நாள் மைதானத்தில் ஆர்கெஸ்ட்ரா இருக்கும். டிக்கெட் கிடையாது. நாலு மணிக்கே போய்த் தரையில் விரிப்பைப் போட்டு, மூலைக்கு ஒரு செருப்போ தண்ணீர் பாட்டிலோ வைத்துவிட்டால் அந்த இடம் நம்முடையது. ஆறரைக்குச் சோற்று மூட்டையோடு வந்து உட்கார்ந்துகொள்ளலாம். எவ்வளவு கூட்டமானாலும் அடுத்தவர் விரிப்பில் யாரும் கால் வைக்க மாட்டார்கள்.

எங்கள் விரிப்பு பெரியது. கம்பெனியில் கழித்துப்போட்ட பனியன் துணித் துண்டுகளை ஓவர்லாக் மெஷினில் ஒட்டுப்போட்டு என் மனைவி தைத்தது. எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். நாங்கள் இருவர், இரண்டு மகள்கள், அண்ணன் வீட்டில் நாலு பேர். அண்ணன் குடும்பம் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. மூத்த மகள் வெளிநாட்டில், சின்னவள் வெள்ளகோவிலில். மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

போன வருடம் மாதிரி இந்த வருடமும் பேசாமல் வீட்டிலேயே கிடந்திருக்கலாம். எனக்குத்தான் வீம்பு ஜாஸ்தியாயிற்றே! காலையில் சின்னவளுக்குப் போன் போட்டு, மாப்பிள்ளையையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா என்றேன். "பாக்கலாமுங்கப்பா" என்றாள். எங்கள் பக்கத்தில் பாக்கலாம் என்றால் வரவில்லை என்று அர்த்தம். இது தெரியாத ஆளா நான்? தெரிந்தும் ஐந்து பேருக்குப் புளிசாதம் கிளறினேன், தயிர்சாதம் பிசைந்தேன். புளிசாதத்தில் உப்பு தூக்கல். ஐந்து தட்டையும் துடைத்துப் பையில் வைத்தேன். வீட்டில் சின்ன விரிப்பு எதுவும் இல்லை, அதனால் பெரியதையே எடுத்துப் போனேன்.

கீபோர்டு, தபேலா, வயலின் என்று மேடை நிறைந்திருந்தது. முதல் பாட்டு ஆரம்பிக்கும்போது கைக்குழந்தையோடு ஒரு புருஷன் பெண்சாதி வந்து நின்றார்கள். பேச்சு தெற்கத்திப் பேச்சு. பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் போல. ஓரமாக உட்காரலாமா என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்லீங்க, ஆள் வருதுங்க" என்றேன்.

அப்போது அது பொய் இல்லை. நூலிழை அளவுக்கு நம்பிக்கை இருந்தது. ஏழு மணிக்குச் சின்னவள் கூப்பிட்டாள். மாப்பிள்ளைக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டதாம், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாமாம். "அதனால என்ன கண்ணு" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் மறுபடி வந்து கேட்டாள். மறுபடியும் அதையேதான் சொன்னேன். எட்டுப் பேர் விரிப்பில் ஒண்டியாக உட்கார்ந்திருப்பவன், எனக்கு யாரும் வரவில்லை என்று எந்த வாயால் சொல்வான்? வெட்கமாக இருந்தது. அவர்கள் என் விரிப்பை ஒட்டி, பொடிக்கல் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். குழந்தை அவள் மடியில் தூங்கிவிட்டது.

மேடையில் என் மனைவிக்குப் பிடித்த பாட்டை வாசித்தார்கள். அவள் சுருதி சேராமல் கூடவே பாடுவாள். பாட்டைக் கேட்க விடமாட்டாயா என்று வருடா வருடம் திட்டுவேன். இந்த வருடம் முழுப் பாட்டும் சுத்தமாகக் காதில் விழுந்தது. எனக்குப் பிடிக்கவே இல்லை.

அந்த நேரத்தில் நாலைந்து பேர் வந்து, காலியாகத்தானே கிடக்கிறது என்று விரிப்பில் உட்காரப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் கையை நீட்டி மறித்துவிட்டாள்.

"அங்கன உக்காராதீங்க. அண்ணாச்சி வீட்டு ஆளுங்க வந்துட்டு இருக்காவ."

அவர்கள் நகர்ந்து போனார்கள். அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது போல. அதன் பிறகும் இரண்டு பேரை அப்படியே திருப்பி அனுப்பினாள். நடுவில் குழந்தையை ஒரு தொடையிலிருந்து இன்னொரு தொடைக்கு மாற்றிக்கொண்டாள். கல் குத்தியிருக்கும்.

கடைசிப் பாட்டு என்று மைக்கில் சொன்னார்கள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"இங்க வாங்க அம்மிணி. கொழந்தைய இதுல படுக்க வைங்க. எனக்கு யாரும் வரலீங்க."

அவள் எழுந்து வந்து குழந்தையை விரிப்பின் நடுவில் கிடத்தினாள். புருஷன் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் கண் என் பக்கத்தில் இருந்த அடுக்குத் தூக்குப் பாத்திரத்தின் மேல் நின்றது. அடுக்கு ஒவ்வொன்றாக எண்ணுகிறாள் என்று தெரிந்தது. நெஞ்சில் கள்ளமில்லாமல்தான் கேட்டாள்.

"அப்ப இவ்வளவு சோறு யாருக்கு அண்ணாச்சி?"

தூக்கைத் திறந்தேன். பையிலிருந்து தட்டுகளை எடுத்து, அவர்களுக்கு இரண்டு வைத்தேன், எனக்கு ஒன்று வைத்தேன். மற்ற இரண்டையும் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.