லைன் அறுந்தாலும் அடித்த மணி

கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இன்டர்நெட் போன் மாட்டிக் கொடுப்பது என் தொழில். ஒரு வழி அடைபட்டால் அழைப்பு இன்னொரு வழியாக வந்து சேரும்படி செய்துவைப்பது அதில் பாதி வேலை. செத்துப்போன போனைக் காதில் வைத்துக்கொண்டு "ஹலோ, ஹலோ, கேக்குதுங்களா?" என்று கத்தியிருக்கிற நீங்கள் அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான்.

ஒரே கம்பம்

கடத்தூரில் ஒரு வெற்றிலை மண்டி. வெளியூர் ஆர்டர் எல்லாம் போனில்தான் வரும். அதனால் முதலாளி இரண்டு கம்பெனிகளின் இன்டர்நெட் வைத்திருந்தார். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்ற தைரியம். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் ஏறி, ஒரே தெரு வழியாகப் போயின. ஒன்றை எடுத்துவிட்டு, கேபிள் இல்லாமல் டவர் வழியாக நெட் எடுக்கிற சிம் கார்டு ரூட்டர் வைக்கலாம் என்றேன். ரெண்டும் வேற வேற கம்பெனிதானே என்று அவர் பிடிவாதம் பிடித்தார். கடையைப் பார்த்துக்கொள்கிற அவர் மகள்தான் பேசிச் சம்மதிக்க வைத்தாள்.

அந்த மழைக்காலத்திலேயே ரிவர்ஸ் எடுத்த ஒரு லாரி கம்பத்தைச் சாய்த்துவிட்டது. தெரு முழுக்க நெட் இல்லை. இவர் மண்டியில் மட்டும் போன் ஓயாமல் அடித்தது. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "பக்கத்து மண்டிக்காரன் கேட்டா, இதை மட்டும் சொல்லிக் குடுத்துராதீங்கம்மா."

டீ கெட்டில்

இண்டூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். கரண்ட் போனால் ஆபீஸ் போன்களும் போய்விடும். யுபிஎஸ் புதுசு, பேட்டரியும் நல்லது. பிறகு ஏன் என்று யுபிஎஸ்ஸிலிருந்து பீரோவுக்குப் பின்னால் போன ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், அது டீ கெட்டிலில் போய் முடிந்தது. கெட்டில் இழுக்கிற இழுப்புக்கு யுபிஎஸ் ஒரு சத்தம் போட்டுவிட்டு அணைந்துவிடும். ரூட்டருக்கும், போன்களுக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டிக்கும் மட்டும் தனியாக ஒரு யுபிஎஸ் வாங்கி, யார் கைக்கும் எட்டாத உயரத்தில் மாட்டினேன்.

மறு வாரமே கரண்ட் இல்லாத ஒரு மாலையில் பள்ளி வேன் வழியில் நின்றுவிட்டது. பயந்துபோய்க் கூப்பிட்ட பெற்றோர் ஒவ்வொருவருக்கும் பதில் கிடைத்தது. வெற்றி விவரம் கேட்கலாம் என்று போன என்னிடம் ஆபீஸ் கிளார்க் அம்மா சொன்னார்: "போன் பேசுது, சந்தோஷந்தாங்க. டீக்கு என்னங்க வழி?"

முதல் மணி

ஏரியூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நான் செய்திருந்த ஏற்பாடு இது: கேபிள் அறுந்தால் சிம், சிம்மும் போனால் அழைப்பு தானாகவே தலைமை நர்ஸின் செல்போனுக்குப் போகும். நர்ஸுடையது வேறு கம்பெனி சிம். இவ்வளவு எதுக்கு என்று டாக்டரே கேட்டிருந்தார்.

ஒருநாள் சூறைக்காற்றில் கேபிளும் அறுந்தது, அந்த சிம்மின் டவரும் நின்றது. அந்த நேரம் பார்த்து, கடலைக் காட்டில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது. மருந்து இருக்கிறதா, இல்லை தருமபுரிக்கே போகணுமா என்று கேட்க அவர் மனைவி ஆஸ்பத்திரி நம்பரைப் போட்டிருக்கிறார். அது நர்ஸின் செல்லில் அடித்தது. மருந்து இருக்கிறது, கட்டுப்போட வேண்டாம், கீற வேண்டாம், நடக்க விடாமல் தூக்கிவாருங்கள் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். ஆள் பிழைத்துவிட்டார்.

மறுநாள் ரிப்பேருக்குப் போனபோது அவர் கட்டிலில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த ஒயர்ச் சுருளைப் பார்த்து அந்த மனைவி ஆச்சரியமாகக் கேட்டார்: "போன் ரிப்பேருங்களா? நேத்து நல்லாத்தானுங்களே இருந்துச்சு, மொத மணியிலயே எடுத்துட்டாங்களே."

ஜெயித்தது யாருக்கும் தெரியாமல் போவதையே ஜெயிப்பு என்று வைத்திருக்கிற தொழில் உங்களுடையதும் என்றால் சொல்லுங்கள், சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்து நம்மை நாமே பாராட்டிக்கொள்ளலாம்.