மைக்கை அமத்தச் சொன்ன தலைவர்

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமசபைக் கூட்டத்துக்கு மைக் செட் கட்டப் போயிருந்தேன். அந்த ஊராட்சித் தலைவர் ஒரு பெண். மெலிந்த உடம்பு, பேசுமுன் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ளும் பழக்கம். ஆனால் பேச விட்டால்தானே! அரசியல் சட்டம் பெண்ணுக்கென்று ஒதுக்கிய பதவி. ஓட்டு வாங்கியதும் அவர்தான். மைக்கைப் பிடித்திருந்ததோ அவர் கணவர்.

தெற்குத் தெருப் பெண்கள் தண்ணீர் வரவில்லை என்று கேட்டார்கள்.

"எல்லாம் பாத்துக்கிட்டுத்தேன் இருக்கோம்" என்று கணவர் ஆரம்பித்தார்.

அந்த அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார். "அண்ணே, மைக்கை அமத்துங்க."

அமத்திவிட்டேன். கணவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். "என்னா மாப்ள, கரண்டு போச்சா?"

"நாந்தேன் அமத்தச் சொன்னேன். என்கிட்டத்தேன கேக்குறாங்க? இங்கிட்டுக் குடுங்க."

"இம்புட்டு நாளா இந்த வாயி எங்கிட்டு இருந்துச்சு?"

"வீட்டுல இருந்துச்சு. இன்னைக்குத்தேன் கூட்டியாந்தேன்."

தெற்குத் தெருவே சிரித்தது. கணவர் மைக்கைக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா அதை வாங்கித் தெற்குத் தெருப் பெண்கள் பக்கம் திரும்பினார். நான் மைக்கைத் திரும்பப் போட்டேன். மோட்டார் பழுது, சரியாகும்வரை லாரியில் தண்ணீர் வரும் என்று சொல்லி முடித்தார்.

கூட்டம் கலைந்ததும் கணவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனார். ஊருக்கு முன்னால் அவர் ஜெயித்ததைப் பார்த்தேன். வீட்டுக்குள் போனபின் என்ன ஆனது என்பதுதான் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.