கிழட்டு நட்சத்திரத்தின் கரி

இன்று காலை மாதா கோயில் முற்றத்திலிருந்து காய்ந்த குருத்தோலை எரியும் வாசனை வந்தது. நாளை மறுநாள் சாம்பல் புதன்; அந்த ஓலைச் சாம்பலை நெற்றியில் பூசிக்கொள்ளும் நாள்.

எழுபதுகளின் கடைசியில், நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, எங்கள் ஆரணிக் கோயிலில் இந்த வேலை உபதேசியார் சூசை தாத்தாவுடையது. போன ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று கொடுத்த ஓலைகளை வீடுவீடாக வாங்கி எரித்து, கரியை இடித்துப் பழைய பட்டுத்துணியில் சலிப்பார். அந்த ஆண்டு, அவருக்குக் கை நடுங்குகிறதென்று கோயிலுக்குப் புதிதாக வந்த பங்குச் சாமியார் தடுத்தார்.

“வயசாயிடுச்சு, உக்காருங்க. பசங்க பாத்துக்குவாங்க.”

தாத்தா ஓலைக்கட்டை விடாமல் நின்றார். பக்கத்தில் நின்ற, அறிவியல் ஆசிரியையான என் அம்மாதான் பேசினாள்.

“சாமி, கரின்றது கார்பன்தானே, அதுவே வயசான நட்சத்திரத்துல உண்டானதுதாங்க. வயசுல இருக்கும்போது அதால முடியாது. கெழடாயி, ஊதி, செவந்த பொறவுதான் உள்ள கரி உண்டாவும்.”

தாத்தா தன் வீங்கிய கால்களைப் பார்த்தார்.

“ஊதிட்டேன் சாமி. செவக்கறதுதான் பாக்கி. அதான் நெருப்பாண்ட உக்காந்துகினு இருக்கேன்றேன்.”

சாமியார் சிரித்துவிட்டார். தீப்பெட்டியை அவரிடமே கொடுத்தார்.

அந்தப் புதன்கிழமை எங்கள் நெற்றிகளில் சாம்பல் வழக்கத்தைவிடக் கரடாக இருந்தது. சலித்தது சரியில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.